இரண்டு பைத்தான்களும் ஒரு மாடும்

பெரியப்பாவின் மூன்றாம் வருடத் திதிக்கு லூபோக் சீனா போயிருந்தேன். சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்த மாதிரி டின்னில் வழக்கமாக ஊசி நூல்தான் இருக்கும். இதில் ஐந்து சிடிக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெரியப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் வருடம் மட்டும். 2001, 2002 என்று.

"இதுல உங்க பெரியப்பா எழுதுன கதைங்கலாம் இருக்குய்யா. எனக்குக் கண்ணுல பொற விழுந்துருச்சி. நீதான் கம்ப்யூட்டர் வேல செய்றியே, எடுத்துப் படிச்சிக் காட்டு."

லூபோக் என்றால் மலாயில் ஆற்றின் ஆழமான மடு. ஊர் மலாக்காவின் ஓரத்தில், லிங்கி ஆற்றுப் பக்கம் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். பெரியப்பா பக்கத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருந்தவர். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு இந்தத் தாமான் வீட்டை வாங்கினார். கையில் மிச்சமிருந்த காசில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் வாங்கி, ஒற்றை விரலால் தமிழ் தட்டக் கற்றுக்கொண்டார். எழுதியதை ஞாயிறு பதிப்புகளுக்கு அனுப்புவார். சிலது வந்தது. பலது வரவில்லை. வராததெல்லாம் இந்த டின்னில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சிடியைப் போட்டுக் கோப்பைத் திறந்தால், திரை முழுக்கக் குப்பை. 'அ' இருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரர்களின் இரட்டை மேற்கோள் குறி, மற்ற இடங்களில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பெரியம்மாவுக்குத் திரை சரியாகத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நம் வயதுக்காரர்களுக்கு இந்தக் குப்பை அதிகம் பழக்கமில்லை. யூனிகோடு பரவிய பிறகு தட்டச்சு செய்யத் தொடங்கியவர்கள் நாம். பெரியப்பா பயன்படுத்தியது முரசு அஞ்சல். அது நம் நாட்டுச் சரக்கு, முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவில் தொடங்கியது. ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் எம்என்' என்றொரு எழுத்துரு வருகிறதே, அந்த எம்என் அவருடைய பெயர்தான். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒருவர் அடித்தது இன்னொருவர் திரையில் தெரியாது. இதற்கு முடிவு கட்ட 1999இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்ற இரண்டு முறைகளை அறிவித்தது. இணையத்தில் கூடி விவாதித்த ஆர்வலர்கள் திஸ்கி என்ற முறையை உருவாக்கினார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்த வருடம்தான் பெரியப்பாவின் முதல் சிடி. அவர் கோப்புகள் திஸ்கியில் இருந்தன.

திஸ்கியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. மீதி 128இல் தமிழ் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். எழுத்துகளின் வரிசையும் கண்ணுக்குத் தெரிகிற வரிசை. 'ரோ' என்று எழுதினால் முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் ர, அப்புறம் கால். யூனிகோடில் முதலில் ர, அதன்பின் ஓகாரக்குறி. ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்ற வேண்டும்.

என்னிடம் இதற்கு ஒரு நிரல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 2012இல், தமிழ்ச் சங்கத்தின் பழைய ஆண்டுமலர் கோப்புகளை மாற்ற நானே எழுதியது. பைத்தான் 2.7இல் எழுதினேன். இப்போது என் லேப்டாப்பில் இருப்பது பைத்தான் 3. ஓட்டினேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

பைத்தான் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள். பெரிய காரணங்களில் ஒன்று நம்மைப் போன்ற மொழிக்காரர்களின் தலைவலி. பைத்தான் 2இல் மேற்கோளுக்குள் 'தமிழ்' என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது. பைத்தான் 3இல் கேட்டால் 5. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. ஒன்றாம் ஆண்டுத் தமிழாசிரியரைக் கேட்டால் 3 என்பார். (3 என்று சரியாகச் சொல்ல முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்றொரு நிரலகம் செய்திருக்கிறார்கள். தமிழிலேயே நிரல் எழுதும் எழில் மொழியைச் செய்ததும் அதே முத்து அண்ணாமலைதான்.) உலகம் முழுவதும் பழையதைப் புதியதற்கு மாற்றப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு பைத்தான் 2க்கு ஆதரவு முடிந்தது. கடைசியாக 2.7.18 என்று ஒரு வெளியீடு, அதே ஏப்ரலில். அதோடு சரி.

எங்கள் தொழிலில் செத்த வெர்ஷனை வைத்திருப்பவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆகவே நிரலைப் புதியதற்கு மாற்றுவதுதான் மரியாதை என்று முடிவெடுத்தேன். கஷ்டமாகவும் இல்லை. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி போட்டேன். கோப்பை 'லத்தீன்-1' என்று சொல்லித் திறந்தேன், அப்படித் திறந்தால் ஒவ்வொரு பைட்டும் அதே எண்ணுள்ள ஓர் எழுத்தாக வந்துவிடும், என் பழைய அட்டவணை அப்படியே வேலை செய்யும். மொத்தம் ஆறு வரி மாற்றம். ஓட்டியதும் திரையில் தமிழ் வந்தது. இரண்டு இடத்தில் மட்டும் ஒரு புள்ளிவட்டம் தனியாக இகரக்குறியைச் சுமந்துகொண்டு நின்றது. சிடியில் கீறல் விழுந்திருக்கும் என்று நானே கையால் திருத்திவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்க உட்கார்ந்தோம். 2003 சிடியில் இருந்த ஒரு கதை. தோட்டத்தில் மாடுகள் இருக்கக் கூடாது, ஒரு மாதத்துக்குள் எல்லாரும் விற்றுவிட வேண்டும் என்று உத்தரவு வருகிறது. அந்த உத்தரவைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டியது ஆபீஸ் கிராணியின் வேலை. கிராணி வீட்டிலும் ஒரு மாடு இருக்கிறது.

நல்ல கதை. நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ நல்ல கதை. அதைவிட என்னை அசத்தியது வடிவம். சாதாரண உரைநடையாகப் போய்க்கொண்டே இருக்கும், மாட்டின் பெயர் வரும்போது மட்டும் வரி உடையும்.

விடியறதுக்கு முன்னயே எழுந்து
ரோஜாவுக்குத் தண்ணி காட்டினேன்.

ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பெயர் புது வரியில் தனியாக நிற்கும். மாட்டின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் கிராணிக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். ஒற்றை விரலால் தட்டிய மனிதருக்குள் இப்படி ஒரு நவீன எழுத்தாளனா என்று நெகிழ்ந்துபோய், அந்த இடங்களில் நானும் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்றுகூட மனதில் ஓடியது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டுரை இல்லை.

மூன்றாவது தடவை பெயர் வந்தபோது பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னாது? ரோஜாவா? யாருடா ரோஜா?"

"மாட்டோட பேரு பெரியம்மா."

"நம்ம மாட்டுப் பேரு சரோஜா. எங்க மாமியா வச்ச பேரு. ரோஜான்னு ஒரு மாடு எந்த லயத்துலயும் இல்ல."

கதை என்றால் பெயரை மாற்றுவார்கள், அது எழுத்தாளனின் சுதந்திரம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். பெரியம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "அவரு மாத்த மாட்டாரு" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் கதை கேட்க அவருக்கு இஷ்டமில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வரி மாற்றத்தில் என்ன தப்பு வந்துவிடும்? ஆனால் கை தானாகத் திருத்திய அந்த இரண்டு புள்ளிவட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. புது நிரல் சரியா தப்பா என்று சொல்ல ஒரே சாட்சிதான் உண்டு. பழைய நிரல், பழைய பைத்தானில், எழுதியபோது ஓடிய மாதிரியே ஓட வேண்டும்.

ஆனால் அதை இந்த லேப்டாப்பில் எப்படிக் கொண்டுவருவது என்பதில் நான் ஏற்கனவே ஒரு முறை அடிபட்டவன். ஒரு ஞாயிறு இரவு, ஆபீஸ் வேலைக்குப் பைத்தான் 3.11 தேவைப்பட்டது. என் உபுண்டு 22.04இல் இருந்தது 3.10. 'பைத்தான்3' என்ற பெயர் எந்தக் கோப்பைச் சுட்டுகிறதோ அந்த இணைப்பைப் புதியதற்குத் திருப்பிவிட்டேன். ஒரு வரிக் கட்டளைதான். அடுத்த நிமிடம் டெர்மினல் திறக்கவில்லை. மென்பொருள் நிறுவும் கருவியும் செத்துப்போனது. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவைக்கும் சின்ன நிரலே பைத்தானில் எழுதியது என்றும், அது தனக்குப் பழக்கமான பைத்தானைத் தவிர வேறொன்றைக் கண்டால் மிரண்டுவிடும் என்றும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், இணைப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கும்போது மணி மூன்று. கணினியோடு வரும் பைத்தான் கணினிக்கு உரியது, அதில் கை வைக்கக் கூடாது. என்னைப் போல நிறையப் பேர் அடிபட்டிருக்க வேண்டும். 2023க்குப் பிறகு வந்த டெபியன், உபுண்டு வெளியீடுகளில், அதற்குள் நேரடியாக எதையாவது நிறுவப்போனால் முடியாது என்று சொல்லித் தடுத்துவிடுகிறது.

அன்றிலிருந்து பைஎன்வ் வைத்திருக்கிறேன். அது செய்வது எளிமையான வேலை. ஒவ்வொரு பைத்தானையும் என் சொந்தக் கோப்புறைக்குள் தனித்தனி அறையில் வைக்கும். நான் 'பைத்தான்' என்று அடிக்கும்போது வாசலில் அதன் ஆள் ஒருவன் நிற்பான். நான் எந்தக் கோப்புறையில் இருக்கிறேன், அங்கே வெர்ஷன் எண் எழுதிய சின்னக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அந்த அறைக்கு அனுப்பிவைப்பான். இதற்கு மேல் வீஎன்வ் என்று ஒன்று, பைத்தான் 3.3 காலத்திலிருந்து பைத்தானோடே வருவது. ஒரே பைத்தானை வைத்துக்கொண்டு, நிரலகங்களை மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் தனியாகப் பிரித்துத் தரும். ஒரு வேலைக்கு இறக்கியது இன்னொரு வேலைக்குள் போகாது. 2013இல் வந்த டாக்கர் இன்னும் ஒரு படி மேலே, கெர்னலை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பிரித்துவிடும். ஒரே கூரை, ஒட்டிய சுவர், பொதுக் குழாய், உள்ளே வேறு வேறு அடுப்பு. லயத்து வீடு என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டில் கேட்கும். பிரிந்திருப்பதற்கு லயத்தை உவமை சொன்னால் அங்கே பிறந்தவர்கள் சிரிப்பார்கள்.

கைப்பேசி டேட்டாவில் 2.7.18ஐ இறக்கச் சொன்னேன். பைஎன்வ் மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே கட்டும். முதல் தடவை பாதியில் நின்றது, ஸீலிப் என்ற நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லையாம். அதை நிறுவி மறுபடியும். திரையில் எழுத்துகள் ஓடாமல் ஒரே வரியில் நின்றன. பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். பழசும் புதுசும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டை போடாமல் இருக்க வழி செய்கிறேன் என்றேன்.

"ஒரே வூட்ல ரெண்டு மருமவ. ரெண்டு அடுப்பு வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் பெரியம்மா."

"அதான் புத்தி."

பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பழைய நிரலை ஓட்டினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. இரண்டு வெளியீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் 13 இடம் வேறுபட்டது. 11 இடத்தில் புதியதில் வரி உடைந்து 'ரோஜா'. பழையதில் வரி உடையாமல் 'ஸரோஜா'. மற்ற இரண்டும் நான் கீறல் என்று நினைத்தவை. இரண்டுமே 'பஸ்ஸில்'. பெரியப்பா சகரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஸ போடுகிற தலைமுறை.

காரணம் கண்டுபிடிக்க நடுராத்திரி ஆனது. திஸ்கியில் ஸ எழுத்தின் எண் 133. என் நிரல் கோப்பை வரிவரியாகப் பிரிக்க ஒரு கட்டளையைப் பயன்படுத்தியது. பைத்தான் 2இல் அந்தக் கட்டளைக்கு வரி முடிவு என்றால் சாதாரண வரி முடிவுகள் மட்டும்தான். பைத்தான் 3 எல்லாவற்றையும் யூனிகோடாகப் பார்க்கிறது. யூனிகோடில் 133ஆம் எண் 'அடுத்த வரி' என்ற கட்டுப்பாட்டுக் குறி, ஐபிஎம் பெருங்கணினிகளின் வழிவந்தது. ஆகவே ஸ வந்த இடத்திலெல்லாம் அது மரியாதையாக வரியை வெட்டி, ஸவைத் தூக்கி எறிந்துவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. புள்ளி வைத்த ஸ் வேறு எண், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் 'பஸ்ஸில்' என்பதில் முதல் ஸ் பிழைத்து, இரண்டாவது மட்டும் போய், இகரக்குறி அனாதையாக நின்றது.

கெட்ட பிழை என்பது நிரல் நின்றுபோவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றுபோனால் பரவாயில்லை, திருத்திவிடலாம். இது அழகாக இருந்தது. 'ரோஜா' என்ற பெயரில் எந்தக் குறையும் இல்லை. அந்த வரி உடைப்பில் நான் ஓர் எழுத்தாளனின் மூச்சையே கேட்டுவிட்டேன். பெரியம்மா இல்லாமல் இந்தக் கதை எங்காவது வெளியாகியிருந்தால், அந்த உடைப்பைப் பாராட்டி யாராவது எழுதியும் இருப்பார்கள். அது நானாகத்தான் இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் லினக்ஸ்காரர் ஒருவர், ஐகான்வ் என்ற கருவி உன் கணினியிலேயே இருக்கிறதே, அதற்குத் திஸ்கி தெரியுமே, ஒரு வரியில் முடித்திருக்கலாமே என்று கேட்பார். உண்மை. மறுநாள் காலை தெரிந்துகொண்டேன். அதையும் ஓட்டிப் பார்த்தேன். ஸரோஜா என்றுதான் சொன்னது.

புது நிரலில் அந்த ஒரு கட்டளையை மாற்றிவிட்டேன். இப்போது இரண்டும் ஒரே மாதிரி வருகிறது. அதற்காக 2.7.18ஐ அழிக்கவில்லை. டின்னில் இன்னும் நான்கு சிடி இருக்கிறது, 2006இல் எழுதிய ஒரு கோப்பு திஸ்கியே இல்லை, வேறு ஏதோ. இணையத்தோடு பேசாத ஓர் அறையில் அந்தச் செத்த வெர்ஷன் இருக்கட்டும்.

காலையில் பசியாறிய பிறகு கதையை முதலிலிருந்து படித்தேன். வரி உடையாமல், ஓட்டமாக. இந்த முறை கிராணி மூச்சு முட்டவில்லை. உத்தரவை எழுதி ஒட்டுகிறார், வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறார், எல்லாம் ஒரே வேகத்தில். எனக்கு இதுதான் பயங்கரமாக இருந்தது. கடைசியில் லாரி வருகிறது. ஏற மறுக்கும் ஸரோஜாவைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதும் கிராணிதான். வியாபாரி 900 வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறான்.

பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திறந்தார்.

"எவ்ளோ?"

"தொள்ளாயிரம்."

"எழுநூறுதான்டா குடுத்தான். அத நல்லாப் பாரு, உன் மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

பார்த்தேன். பழைய பைத்தானில் 900. புதியதில் 900. ஐகான்வும் 900 என்றது. பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அவருதான் கூட்டிப் போட்டிருக்காரு" என்றார்.

பேர் மாற்றாத மனிதர் விலையை மட்டும் ஏன் மாற்றினார் என்று கேட்டேன். அவர் டின்னை மூடிக்கொண்டே, அடுத்த மாதம் வரும்போது மற்ற சிடியையும் போட்டுப் பார்க்கச் சொன்னார்.